மறதி யோகம்

கீதையைப் படித்தவன் என்ற நினைப்பிலேயே வெகுகாலம் இருந்துவிட்டேன். அந்த நினைப்பைக் கொடுத்தது எங்கள் தெரு சலூன். கண்ணாடிக்கு மேலே, வெள்ளைக் குதிரைகள் பூட்டிய தேரில் கண்ணன் திரும்பி உட்கார்ந்து அர்ஜுனனிடம் பேசுகிற படம். அதற்குக் கீழே 'கீதாசாரம்' என்று தலைப்புப் போட்டுச் சில வரிகள். காதோரம் கத்தரி ஓடும்போது தலையைத் திருப்ப முடியாது. வேறு வழியில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் மனப்பாடமாகிவிட்டது. டெய்லர் கடை, ரேஷன் கடை, பத்திரம் எழுதுகிற இடம், மாமனார் வீட்டுக் காலண்டர் என்று எங்கே போனாலும் அதே வரிகள். தெரிந்தவர்கள் யாருக்காவது நஷ்டம் வந்தால் உடனே அதை எடுத்து விடுவேன். நஷ்டப்பட்டவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ஞானம் பேசுகிறவனை உலகம் அப்படித்தான் பார்க்கும் என்று பெருந்தன்மையாக விட்டுவிடுவேன்.

பிறகு அசல் புத்தகத்தை வாங்கி, 700 சுலோகத்திலும் அந்த வரிகளைத் தேடினேன். இல்லை. அங்கங்கே சாயல் தெரிகிறது; அப்படியே ஒரு சுலோகம் கிடையாது. யாரோ எழுதியிருக்கிறார், அச்சகத்தார் பரப்பியிருக்கிறார்கள், ஊரெல்லாம் ஆணியில் தொங்குகிறது. இத்தனை வருஷமாகக் கண்ணன் வாக்கு என்று நான் ஊருக்கு அள்ளி விட்டது காலண்டர்காரர் வாக்கு.

அசலைக் கையில் எடுத்ததற்கும் காரணம் பக்தி அல்ல, பி.பி.தான். மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர், "டென்ஷன் ஆகாதீங்க சார்" என்று சேர்த்துச் சொன்னார். மாத்திரை மெடிக்கலில் கிடைத்தது. மற்றதற்கு எங்கே போவது? என் டென்ஷனுக்கு ஒரே ஒரு ஊற்றுக்கண்தான்: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடம். எனக்கென்று கோடு போட்டுக் கொடுத்த இடத்துக்குள் மேல்வீட்டுக்காரரின் கார் ஒரு சாண் வாலை நீட்டிக்கொண்டு நிற்கும். காலையில் அந்த வாலைப் பார்த்துவிட்டால் அன்றைய பொழுது போச்சு. ஊசிமுனை நிலம்கூடத் தரமாட்டேன் என்று மல்லுக்கு நின்றவன் துரியோதனன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நிலத்தைப் பறிகொடுத்தவன் நான், ஆகவே பாண்டவர் கட்சி என்று தீர்மானமாக இருந்தேன்.

வாங்குகிற கட்டத்தில் நான் யாருக்கும் சளைத்தவனில்லை. கோரக்பூர் கீதா பிரஸ்ஸின் கையடக்கப் பதிப்பு, பாரதியார் மொழிபெயர்ப்பு, திருப்பராய்த்துறை சுவாமி சித்பவானந்தரின் கனத்த விளக்கவுரை, வினோபாவின் கீதைப் பேருரைகள் எல்லாம் வந்து சேர்ந்தன. அடுக்கி வைத்துத் தள்ளி நின்று பார்த்தபோது மனசில் இறங்கிய சாந்தி, பிறகு படித்த எந்த நாளிலும் இறங்கவில்லை. முன்னுரைகளை மட்டும் ஒழுங்காகப் படித்தேன். அதில் ஒன்று கண்ணில் பட்டது. திலகர் கீதா ரகசியத்தை எழுதியது மாண்டலே சிறையில். வினோபா 1932இல் ஞாயிற்றுக்கிழமைதோறும் சக கைதிகளுக்குக் கீதை சொன்னது துலே சிறையில். பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டவர் சானே குருஜி. சிறையில் இருந்தவர்களுக்குத்தான் கீதை சரியாக வசப்பட்டிருக்கிறது. இருக்காதா பின்னே? அங்கே கார் பார்க்கிங் கிடையாது.

முதல் அத்தியாயத்தின் தொடக்கத்தில் யார் யார் எந்தச் சங்கை ஊதினார்கள் என்று பெரிய வரிசை. பாஞ்சஜன்யம், தேவதத்தம், பௌண்ட்ரம் என்று போகும். அதைத் தாண்டினால் அர்ஜுனன் தளர்ந்து போகிற இடம். கைகால் சோர்கிறது, வாய் உலர்கிறது, உடம்பு நடுங்குகிறது, மயிர் சிலிர்க்கிறது, தோல் எரிகிறது, வில் நழுவுகிறது, நிற்க முடியவில்லை, தலை சுற்றுகிறது. படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டாக்டரிடம் நான் ஒப்பித்த அதே லிஸ்ட், வில் ஒன்று நீங்கலாக. அந்த அத்தியாயம் எனக்கு அத்துப்படி ஆயிற்று. புலம்புவதற்கு எனக்குக் குரு தேவைப்பட்டதில்லை. இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் பதில் சொல்லத் தொடங்கியதும் கண் செருகியது.

மூலத்தையே மனப்பாடம் செய்துவிட்டால் விளக்கம் தானாக விளங்கும் என்று அடுத்த யோசனை. காந்தி அப்படித்தான் செய்தார். தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராக இருந்தபோது, பல் துலக்கும் இடத்துக்கு எதிர்ச்சுவரில் சுலோகங்களைச் சீட்டில் எழுதி ஒட்டிவைத்து, 13 அத்தியாயம் நெட்டுருப் போட்டதாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பல் துலக்க 15 நிமிடம், குளிக்க 20 நிமிடமாம். நானும் வாஷ்பேசின் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டினேன். தமிழ் எழுத்தில் அச்சிட்ட சம்ஸ்கிருதத்தைப் பார்த்து எழுதியதில் க, ச, த, ப தலையில் 2, 3, 4 என்று குட்டி எண்கள் வந்தன. அடிக்குறிப்பு என்று நினைத்துப் பக்கத்தின் அடியில் தேடித் தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எந்த 'க' என்று உச்சரிப்புக் காட்டுகிற எண் அது என்பதை என் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அம்மா ஐந்தாம் வகுப்பு. சகஸ்ரநாமப் புத்தகத்தில் அந்த எண்களோடு ஐம்பது வருஷமாகக் குடித்தனம் செய்கிறவள். அவளிடமே உட்கார்ந்து கற்றிருக்கலாம். காந்தி வழியில் போகிறவன் அம்மாவிடம் கேட்பானா? சீட்டு ஈரத்தில் ஊறி ஒரு நாள் சோப்பில் ஒட்டிக்கொண்டு போயிற்று. என் பல் துலக்கலின் நீளத்துக்கு அரைச் சுலோகம்தான் தேறும் என்பதும் தெரிந்தது.

சுலோகம் வேண்டாம், தியானம் போதும் என்று ஆறாம் அத்தியாயத்துக்குத் தாவினேன். ஆசனத்துக்குக் கண்ணன் கணக்காக அளவு சொல்கிறார்: மிக உயரமாகவும் கூடாது, மிகத் தாழ்வாகவும் கூடாது, தர்ப்பைப் புல், அதன்மேல் மான்தோல், அதன்மேல் துணி. மான்தோலை வீட்டில் வைத்திருந்தால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். தர்ப்பையை நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வந்தேன். என் மனைவி அந்தக் கட்டைப் பார்த்ததும், "ஏங்க, அது காரியத்துக்கு ஆகிறது, அதை எதுக்கு நல்ல நாள்ல வீட்டுக்குள்ள கொண்டு வர்றீங்க?" என்று வாசலோடு நிறுத்திவிட்டாள். மூன்றில் மிஞ்சியது துணி. ஒரு பழைய பெட்ஷீட்டை மடித்துப் போட்டு உட்கார்ந்தேன். மூக்கு நுனியைப் பார்க்க வேண்டும் என்கிறார் பகவான். கண்ணாடி போட்டவனுக்கு மூக்கு நுனி தெரிவதற்குள் ஃப்ரேம் தெரிகிறது. கழற்றினால் மூக்கே தெரிவதில்லை. மனசு காற்றைப்போல, அதை அடக்குவது கஷ்டம் என்று அர்ஜுனன் அங்கேயே முறையிடுகிறான். பழக்கத்தாலும் பற்றின்மையாலும் முடியும் என்று பதில் கிடைக்கிறது. முழங்காலைப் பற்றி இருவருமே ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு படிப்பதைவிடக் கேட்பது உத்தமம் என்று தோன்றியது. கண்டசாலா பாடிய கீதை இருக்கிறதே, தெலுங்கில் விளக்கம் சொல்லிச் சொல்லிச் சுலோகம் பாடுவார். நம் படங்களிலும் பாடியவர், 1974இல் காலமாகிவிட்டார். என்ன குரல்! விடிகிற நேரத்தில் புளூடூத் ஸ்பீக்கரில் போட்டு, சத்தத்தையும் கூட்டி வைத்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடினேன். கொஞ்ச நேரத்தில் காலிங் பெல். எதிர்வீட்டு நெல்லூர் அம்மாள். பின்னாத தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, கலங்கின கண்ணோடு நிற்கிறார். அவருக்குப் பின்னால் அவர் கணவர், கையில் செருப்பு, முகத்தில் துக்கம்.

"எப்போ ஆச்சு? ராத்திரி கூட நல்லாத்தானே பேசிட்டு இருந்தாங்க?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த நேரம் பார்த்து என் அம்மா காபி டம்ளரோடு ஹாலுக்கு வந்து, "யாரு, இவ்ளோ காலையில?" என்றாள். நெல்லூர் அம்மாள் ஓர் அடி பின்வாங்கினார்.

தெலுங்குப் பக்கம் சாவு வீட்டில் கண்டசாலா கீதையை வைப்பது வழக்கமாம். அந்தக் குரல் விடியற்காலையில் ஒரு வீட்டிலிருந்து கேட்டால் அங்கே யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். வயதான அம்மா இருக்கிற வீட்டில் யார் என்று வேறு கேட்க வேண்டுமா? விஷயம் புரிந்த அம்மா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. நெல்லூர்க்காரர் மட்டும் வெகு மரியாதையாக, "ஹெட்செட் வாங்கிக்கோங்க சார்" என்றார்.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில், தனக்குப் பிரியமானவன் எப்படி இருப்பான் என்று கண்ணன் சொல்லும் இடத்தில் ஒரு சுலோகம் உண்டு. எவனால் உலகத்துக்குத் தொந்தரவு இல்லையோ, எவனுக்கு உலகத்தால் தொந்தரவு இல்லையோ, அவன் என்று வரும். இரண்டாம் பாதியைச் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். உலகம் என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது. அதற்குத்தானே இவ்வளவு செலவு. முதல் பாதி புத்தகத்தில் புத்தம்புதிதாக இருந்தது. நிம்மதி தேடிப் புறப்படுகிற எல்லோருடைய புத்தகத்திலும் அந்தப் பாதி அப்படித்தான் இருக்கும் என்பது என் சந்தேகம்.

சாப்பாட்டிலும் கை வைத்தேன். பதினேழாம் அத்தியாயத்தில் உணவை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது. கசப்பு, புளிப்பு, உப்பு, கடும் சூடு, காரம் எல்லாம் ராஜஸம்; துக்கமும் நோயும் தரும். சமைத்து நேரம் கடந்தது, இரவு தங்கியது தாமஸம். அடுப்பங்கரை வாசலில் நின்று இதை அறிவித்தேன். வத்தக்குழம்பு, ஆவக்காய், ஆவி பறக்கிற ஃபில்டர் காபி, ஃபிரிட்ஜில் இருக்கிற நேற்றைய சாம்பார் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வகைப்படுத்தினேன். மனைவி கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "சரிங்க. மூணு வேளையும் புதுசா யார் சமைக்கிறது? அதுக்கு ஏதாவது அத்தியாயம் இருக்கா?" நான் அறிந்தவரை இல்லை. அன்றைக்கு ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு ஃபிரிட்ஜைத் திறந்து, தயிர்சாதத்துக்கு ஆவக்காய் தொட்டுக்கொண்டு, ராஜஸத்தையும் தாமஸத்தையும் ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டேன்.

இதெல்லாம் வீட்டோடு போயிற்று. ஊர் சிரித்தது குடியிருப்புச் சங்கப் பொதுக்கூட்டத்தில். லாரித் தண்ணீர், மோட்டார் ரிப்பேர் கணக்கெல்லாம் முடிந்து கார் நிறுத்துமிடம் வந்தது. நான் தயாராகப் போயிருந்தேன். இரண்டாம் அத்தியாயத்தில் கோபம் எப்படி வருகிறது என்று படிப்படியாகச் சொல்லும் இடத்தை, 62ஆம் சுலோகத்தை, நன்றாக உருப்போட்டிருந்தேன். ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தால் பற்று, பற்றினால் ஆசை, ஆசையினால் கோபம். மேல்வீட்டுக்காரர் பேச்சை எடுத்ததும் இந்தப் படிகளை மனசுக்குள் எண்ண வேண்டும் என்று திட்டம். அவர் எழுந்து, "ஒரு சாண்தானே சார், அட்ஜஸ்ட் பண்ணிக்கக் கூடாதா?" என்றார். பற்றிலிருந்து ஆசைக்கு வருவதற்குள் என் குரல் மாடித் தண்ணீர்த் தொட்டியில் மோதித் திரும்பி வந்தது. கத்தியதோடு நிற்காமல், கோபத்தின் பிறப்பைப் பற்றி அந்தச் சுலோகத்தையும் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன், கோபமாக.

அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "ரெண்டாவது அத்தியாயம், அறுபத்திரண்டு. அடுத்ததையும் சொல்லிடுங்க சார், ரெண்டும் சேர்ந்தாத்தான் முடியும்" என்றார்.

எனக்கு அடுத்தது வரவில்லை. தொண்டை வரைக்கும்கூட வரவில்லை. எல்லோரும் பார்க்கிறார்கள். செயலாளர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். மேல்வீட்டுக்காரரே முடித்துவைத்தார். கோபத்தால் மயக்கம், மயக்கத்தால் நினைவு தவறும், நினைவு தவறினால் புத்தி நாசம், அதோடு ஆள் காலி. 63ஆம் சுலோகம் அது. கீதையின் ஒரு சுலோகத்தைச் சங்கக் கூட்டத்தில் செய்முறை விளக்கமாக நடத்திக் காட்டியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவர் வாராவாரம் உபன்யாசம் கேட்கப் போகிறவராம். அப்படியானால் காரை ஒரு சாண் முன்னே தள்ளி நிறுத்தக் கூடாதா என்ற கேள்வி எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

ஒன்றைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. தீபாவளிக்கு முன்னால் வாட்ச்மேன் வந்து, "சார், தீபாவளி வருது..." என்று தலையைச் சொறிந்தார். பர்ஸை எடுப்பதற்குப் பதிலாக அவருக்குக் கர்மயோகம் சொன்னேன். வேலையில்தான் நமக்கு அதிகாரம், பலனில் இல்லை என்று விஸ்தாரமாகவே சொன்னேன். நின்று கேட்டார். "கரெக்ட்தான் சார்" என்றார். பிறகு, "உங்க ஆபீஸ்ல போனஸ் போட்டுட்டாங்களா சார்?" என்று கேட்டார். போடவில்லை. அதற்காகக் கணக்குப் பிரிவுக்கு நான் நடந்த நடையில் லிஃப்ட்காரருக்கே சலித்துவிட்டது. மனைவி உள்ளேயிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாளோடு வந்து விஷயத்தை முடித்தாள். அந்தச் சுலோகம் வேலை செய்கிறவன் தன்னைப் பார்த்துச் சொல்லிக்கொள்ள வேண்டியது. அடுத்தவன் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு அவனுக்குச் சொல்வதற்கு 18 அத்தியாயத்தில் எங்கேயும் இடமில்லை. இந்த நாட்டில் அதை அப்படித்தான் அதிகமாகப் பயன்படுத்துகிறோம் என்பது வேறு கதை.

அந்த வாரம் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலுக்குப் போனேன். உள்ளே மூலவர் வேங்கடகிருஷ்ணன், பெரிய மீசையோடு. கையில் சங்கு உண்டு, சக்கரம் கிடையாது, ஆயுதம் எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்த கோலம். உற்சவர் பார்த்தசாரதியின் முகத்தில் தழும்புகள். பீஷ்மர் விட்ட அம்புகளின் வடு என்பார்கள். அர்ஜுனன் மேல் வர வேண்டியதைத் தேரோட்டி முன்னால் உட்கார்ந்து வாங்கியிருக்கிறார். கீதையைத் தமிழாக்கிய பாரதியாரைக் கோயில் யானை தள்ளிவிட்டதும் இங்கேதான், 1921இல். கீதையோடு சம்பந்தம் வைத்துக்கொண்டவர்களுக்கு இந்த இடத்தில் அடி விழுவது புதிதல்ல என்று எண்ணி, என் ஒரு சாணை அங்கே நான் எடுக்கவில்லை.

எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது வேறு இடத்திலிருந்து. பதினெட்டாம் அத்தியாயத்தின் முடிவில் அர்ஜுனன், மயக்கம் தீர்ந்தது, நினைவு திரும்பியது, சொன்னபடி செய்கிறேன் என்கிறான். நாமெல்லாம் அதோடு புத்தகத்தை மூடிவிடுகிறோம். மகாபாரதம் மூடுவதில்லை. யுத்தம் முடிந்து, ராஜ்யம் கைக்கு வந்து, கண்ணன் துவாரகைக்குக் கிளம்புகிற சமயம். அசுவமேத பர்வத்தில் அர்ஜுனன் மெல்ல ஆரம்பிக்கிறான்: அன்றைக்குப் போர்க்களத்தில் சொன்னீர்களே, அதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது, இன்னொரு தடவை சொல்ல முடியுமா? கண்ணன் அவனைத் தழுவிக்கொள்கிறார், அப்புறம் கடிந்துகொள்கிறார். நீ மறந்தது எனக்குப் பிடிக்கவில்லை, அன்று யோகத்தில் நின்று சொன்னதை முழுக்கத் திரும்பச் சொல்வது என்னாலும் ஆகாது என்கிறார். அதற்குப் பதிலாக வேறு பழங்கதைகள் வழியாகச் சொன்னதுதான் அநுகீதை. கீதைக்கு 18 அத்தியாயம். மறந்தவனுக்குத் தண்டனை மாதிரி இதற்கு 36.

நேருக்கு நேர் கேட்டவன், விசுவரூபத்தையே கண்ணால் கண்டவன், அவனே மறந்திருக்கிறான். சோப்பில் ஒட்டிப்போன சீட்டுக்காரன் எம்மாத்திரம்?

ஆனால் என்னை அர்ஜுனன் வரிசையில் வைத்துக்கொள்வதும் பேராசைதான். கீதையை முழுக்கக் கேட்டவர் இன்னொருவர் இருக்கிறார். அரண்மனையில் உட்கார்ந்தபடி, சஞ்சயன் சொல்லச் சொல்லக் கேட்ட திருதராஷ்டிரர். 700இல் கண்ணன் பேசுவது 574, அர்ஜுனன் 84, சஞ்சயன் 41 என்று கணக்குச் சொல்வார்கள். அவருக்கு ஒரே ஒரு சுலோகம், முதல் சுலோகம்: என் பிள்ளைகளும் பாண்டுவின் பிள்ளைகளும் என்ன செய்தார்கள்? அதுவும் பத்து நாள் சண்டை நடந்து பீஷ்மர் விழுந்த செய்தியோடு சஞ்சயன் வந்து நின்ற பிறகுதான் கீதை அவர் காதில் விழுகிறது. கேட்டார். இடையில் ஒரு கேள்வி கிடையாது, ஒரு சந்தேகம் கிடையாது. கேட்டு முடித்தும் சண்டையை நிறுத்தச் சொல்லி ஓர் ஆளை அனுப்பவில்லை. என் இடம், அவர் இடம் என்று கோடு பார்த்துக்கொண்டே சாய்வு நாற்காலியில் கீதை கேட்கிற எனக்கு இவரை விட்டால் யார் முன்னோடி?

நீங்கள் புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் தொடங்குங்கள். மொத்தமே 20 சுலோகம். உலகத்துக்குத் தொந்தரவு தராத அந்த முதல் பாதிக்கும் ஓர் அடிக்கோடு போட்டுவிடுங்கள். கண்டசாலாவை ஹெட்செட்டில் கேளுங்கள். வாட்ச்மேனுக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிடுங்கள், கர்மயோகத்தை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். சங்கக் கூட்டத்துக்குப் போவதென்றால் 62ஆம் சுலோகத்தோடு 63ஐயும் சேர்த்துப் படித்துவிட்டுப் போங்கள்.